நுங்கம்பாக்கத்தில் கண்ட கிரகம்

ஆடி மாதத்து அமாவாசை இரவு. செஞ்சிச் சீமையின் சாலைகளெல்லாம் அன்று மேல்மலையனூரை நோக்கியே ஓடுவதுபோல் தோன்றும். அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்தைத் தரிசிக்க வண்டிகளிலும் கால்நடையாகவும் ஜனங்கள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருப்பார்கள். அந்தச் சந்தடியிலிருந்து விலகி, வல்லத்தில் ஊர்க்கோடியைத் தாண்டி, வயல் வரப்பு ஒன்றின்மேல் போய் நின்று பாருங்கள். மேகம் மட்டும் சற்று வழிவிட்டால், பத்து மணி சுமாருக்கு ஆகாயம் முழுவதும் தலைக்குமேல் விரிந்து கிடக்கும்.

தெற்கே விருச்சிகம் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கும். அதன் நெஞ்சில் செக்கச் செவேலென்று ஒளிர்வது கேட்டை. கிழக்கே நன்றாக மேலேறி வந்திருப்பது திருவோணம். கேட்டையையும் திருவோணத்தையும் மனத்தால் ஒரு கோடிட்டு இணைத்து, அந்தக் கோட்டின் நடுவிலிருந்து சற்று வடக்கே, ஏறக்குறைய உச்சி வானத்தை ஒட்டித் தேடினால், மங்கலான ஒரு சிறு புள்ளி அகப்படும். பட்டணத்து விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்க்க இயலாது. வல்லத்து இருட்டில் வெறுங்கண்ணுக்கே தெரியும். மேனாட்டு வானநூலார் அதற்கு 'எழுபதாம் ஓபியூக்கி' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பாம்பைக் கையில் பிடித்து நிற்கும் ஒரு மனித வடிவத்தை அந்தப் பகுதியில் அவர்கள் கற்பனை செய்தார்கள். அவ்வடிவத்தின் எழுபதாம் எண்ணுள்ள நட்சத்திரம் என்பதே அப்பெயரின் பொருள்.

இந்தச் சிறு புள்ளிக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய பந்தம் உண்டு. 1855-ஆம் வருஷத்தில், சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்துகொண்டு ஒருவர் இந்த நட்சத்திரத்துக்கு ஒரு கிரகம் இருப்பதாக அளவுக் கணக்குகளுடன் லண்டன் வானநூற் சங்கத்துக்கு எழுதினார். நம் சூரியனை விட்டு வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தைப் பற்றி, வெறும் ஊகமாக அன்றி அளவையின் ஆதாரத்தில் சொல்லப்பட்ட முதற் கூற்று என்று வானநூல் சரித்திரத்தில் குறிப்பிடப்படுவது அதுவே.

"ஆகா! உலகத்துக்கே முதலாவதாக நம் சென்னையிலிருந்தா?" என்று நேயர்கள் பூரித்துப் போவதற்கு முன் மற்றொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கிரகம் உண்மையில் அங்கே இல்லை.

அப்படியானால் அந்தக் கதையைச் சொல்வானேன் என்று கேட்கலாம். இல்லாத ஒரு கிரகம் எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு மறைந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், இன்று இருக்கிறது என்று சொல்லப்படும் கிரகங்களை நாம் எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விளங்கும்.

தாத்தாவும் பேரனும்

நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தை நேரே பார்ப்பது மிகவும் அரிது. தேர்த் திருவிழாவில் தீவட்டிக்குப் பக்கத்தில் பறக்கும் மின்மினியை நாலு மைலுக்கு அப்பாலிருந்து கண்டுபிடிக்க முடியுமா? கிரகத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வெகு தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு நம் சூரியன், வியாழனைக் காட்டிலும் சுமார் நூறு கோடி மடங்கு அதிகப் பிரகாசமாகத் தோன்றும். ஆகையால் குறுக்கு வழி ஒன்று வேண்டியிருக்கிறது.

முற்றத்தில் தாத்தா பேரனின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு கரகரவென்று சுற்றுவதை நாம் பார்த்திருக்கிறோம். பேரன் பெரிய வட்டமாகப் பறப்பான். தாத்தாவோ நின்ற இடத்திலேயே நிற்பதாக எண்ணுவோம். உற்றுக் கவனித்தால் அவரும் பின்புறம் சற்றே சாய்ந்து ஒரு சிறிய வட்டம் போடுவது தெரியும். இருட்டில் பேரன் கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும், தாத்தாவின் தள்ளாட்டத்தைக் கொண்டே அவர் கையில் ஒரு பிள்ளை இருக்கிறான் என்று சொல்லிவிடலாம். நட்சத்திரம்தான் தாத்தா; கிரகம்தான் பேரன்.

இந்த யுக்தி அந்நாளில் புதிதாக வெற்றி கண்டிருந்தது. சிரியஸ் என்னும் மிகப் பிரகாசமான நட்சத்திரத்தின் தள்ளாட்டத்தைக் கொண்டு, அதற்குக் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று உண்டென்று 1844-இல் ஜெர்மானிய வானநூலார் பெஸ்ஸல் சொன்னார். 1846-இல், யுரேனஸ் கிரகத்தின் நடை பிசகியதைக் கொண்டே நெப்ட்யூன் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கப்பட்டது. காணாததைக் கணக்கால் காணலாம் என்ற நம்பிக்கை உலகமெங்கும் ஓங்கியிருந்த காலம் அது.

கும்பெனியாரின் நட்சத்திரக் கணக்கு

சென்னையில் வானாராய்ச்சி நிலையம் 1786-இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்பவரின் சொந்த முயற்சியாக ஆரம்பித்தது. பிறகு கிழக்கிந்தியக் கும்பெனியார் அதை ஏற்றுக்கொள்ள, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கென்று கட்டடம் எழும்பிற்று. அன்று நாட்டிய கருங்கல் தூண், தமிழ் எழுத்தும் பொறிக்கப்பெற்று, இன்று வானிலை நிலையத்தின் வளாகத்தில் நிற்கிறது. கும்பெனியார் நம் பேரில் வைத்த வாஞ்சையால் இதைச் செய்யவில்லை. கப்பல்கள் வழி தவறாமல் வரவேண்டும். பிடித்த நாட்டை அளந்து படம் போடவேண்டும். இரண்டுக்கும் நட்சத்திரங்களின் நிலை துல்லியமாகத் தெரியவேண்டும். ஆயினும் கணக்கு என்பது போட்டவனோடு நின்றுவிடுவதில்லை. நாளடைவில் அந்த நிலையம் வியாபாரத்தையும் ஆட்சியையும் கடந்து உண்மையான சாஸ்திரத்துக்கு இருப்பிடமாயிற்று.

1848 முதல் சுமார் பத்து வருஷம் அதன் தலைவராக இருந்தவர் காப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். கும்பெனிப் பட்டாளத்தில் இஞ்சினீயராக இருந்து வானநூலுக்கு வந்தவர். பாரிஸிலிருந்து தருவித்த ஆறு அங்குலத் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் இரட்டை நட்சத்திரங்களை இரவிரவாக அளந்து வந்தார். எழுபதாம் ஓபியூக்கி அப்படிப்பட்ட இரட்டை. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அது, நம் சூரியனைவிடச் சிறிய இரண்டு சூரியன்கள் ஒன்றையொன்று சுற்றுவதாகும். ஒரு சுற்று முடிய 88 வருஷம் பிடிக்கிறது; சதாபிஷேகம் கண்ட பெரியவர் ஒருவரின் ஆயுளில் அடங்குவது ஒரே ஒரு சுற்று. நம்மிடமிருந்து அதன் தூரம் சுமார் பதினாறரை ஒளி வருஷம். நட்சத்திரக் கணக்கில் இது அடுத்த தெரு.

இந்த ஜோடி சுற்ற வேண்டிய பாதையைக் கணக்கிட்ட ஜேக்கப், அளந்த நிலைகள் கணக்கோடு ஒட்டாமல் அப்படியும் இப்படியும் ஆடுவதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் அந்த ஜோடியில் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தால் ஆட்டத்துக்குக் காரணம் சரியாகிவிடும். அப்படி ஒன்று பெரும்பாலும் இருக்கவேண்டும் என்று அவர் எழுதினார். சத்தியம் செய்யவில்லை, சாத்தியம் என்றார். அந்த வேற்றுமையை நாம் மறக்கலாகாது.

கிரகம் கரைந்த கதை

ஜேக்கப் அளக்க முயன்ற ஆட்டம் எவ்வளவு சிறியது தெரியுமா? பாகையை அறுபதாக வகுத்தால் கலை. கலையை அறுபதாக வகுத்தால் விகலை. ஓர் அங்குல அகலமுள்ள நாணயத்தை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் அதன் அகலம் ஒரு விகலை. அந்த விகலையிலும் பத்தில் ஒரு பங்கு போன்ற அளவுகளைத்தான், காற்றில் நடுங்கிக்கொண்டிருக்கும் நட்சத்திர ஒளியில், மனிதக் கண்ணால் அளக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த நட்சத்திரம் இரட்டை என்பதை வில்லியம் ஹெர்ஷல் கண்டது 1779-இல். ஜேக்கப் எழுதிய 1855-க்குள் 76 வருஷங்களே கழிந்திருந்தன. ஒரு முழுச் சுற்றையும் பார்த்து முடித்தவர் உலகத்தில் அப்போது ஒருவருமில்லை. பழைய அளவைகளோ கரடுமுரடானவை. பாதி கேட்ட பாட்டுக்கு ஸ்வரம் எழுதுவதுபோன்ற வேலை அது.

ஜேக்கப் 1862-ஆம் வருஷம் புனாவில் காலமானார். அதே வருஷத்தில்தான், பெஸ்ஸல் சொன்ன சிரியஸின் துணையை அமெரிக்காவில் ஆல்வன் கிளார்க் கண்ணாரக் கண்டார். ஒரே யுக்தி, ஒருவருக்குப் பலித்தது, மற்றவருக்குப் பலிக்கவில்லை.

சென்னைக் கிரகம் ஆனால் எளிதில் சாகவில்லை. 1890-களில் அமெரிக்க வானநூலார் ஸீ என்பவர், அதே நட்சத்திரத்துக்கு இருண்ட துணை ஒன்று உண்டு என்று மேலும் உறுதியாகச் சொன்னார். 1899-இல் மோல்டன் என்னும் இளைஞர், அப்படிப்பட்ட மூன்றாவது உருவம் அந்தப் பாதையில் நிலைத்திருக்கவே முடியாது என்று கணிதத்தால் நிரூபித்தார். மறுபடி 1943-இல், வேறு இருவர் புகைப்படத் தகடுகளை அளந்து அங்கே கிரகம் உண்டு என்றார்கள். அதுவும் நிற்கவில்லை. இன்றைய நுட்பமான கருவிகளுக்கும் அந்த நட்சத்திரம் இதுவரையில் ஒரு கிரகத்தையும் உறுதியாகக் காட்டவில்லை.

இரண்டு விரல் தூரத்தில்

வல்லத்து வரப்பில் நிற்கும் நேயர்கள் இப்போது கையை நீட்டி, எழுபதாம் ஓபியூக்கிக்கு வடமேற்கே இரண்டு விரல் அகலம் அளந்து பார்க்கட்டும். அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த இருட்டில்தான் பர்னார்டு நட்சத்திரம் இருக்கிறது. ஆறே ஒளி வருஷத் தூரத்தில் இருந்தும், மங்கலான செங்குள்ளனாகையால் தூரதிருஷ்டி இல்லாமல் அதைப் பார்க்க முடியாது.

இதற்கும் ஒரு பொய்க்கிரகம் இருந்தது. ஹாலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வான்டிகாம்ப், பல வருஷங்களாக எடுத்த புகைப்படத் தகடுகளை அளந்து, வியாழனைவிடப் பெரிய கிரகம் ஒன்று அதைச் சுற்றுவதாக 1963-இல் அறிவித்தார். பாடப் புத்தகங்களில்கூட அது இடம் பெற்றது. 1973-இல் வேறு கண்ணாடிகளால் அளந்தவர்களுக்கு அந்த ஆட்டம் அகப்படவில்லை. பிறகு ஆராய்ந்ததில், ஆடியது நட்சத்திரம் அல்ல என்றும், தூரதிருஷ்டியின் கண்ணாடியைக் கழற்றிச் சீர்செய்த வருஷங்களில்தான் நிலை மாறியது என்றும் தெரிந்தது. வான்டிகாம்ப் தம் கருத்தைக் கைவிடவில்லை. 1995-ஆம் வருஷம் மே மாதம் அவர் மறைந்தார்.

அதே 1995-ஆம் வருஷம் அக்டோபரில் ஜெனீவா நகரத்து மிஷெல் மேயரும் டிடியே கெலோவும், நம் பூரட்டாதி நட்சத்திரங்களுக்கு அருகிலுள்ள ஒரு சூரியனுக்குக் கிரகம் இருப்பதை அறிவித்தார்கள். அந்தக் கிரகம் நின்றது. அவ்விருவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் தாத்தா பக்கவாட்டில் ஆடுவதைப் பார்க்கவில்லை. நம்மை நோக்கி வருவதையும் பின்வாங்குவதையும் பார்த்தார்கள். ரயில் ஊதிக்கொண்டு நெருங்கும்போது அதன் சுருதி ஏறியும், தாண்டிப் போனதும் இறங்கியும் கேட்கிறதல்லவா? ஒளிக்கும் இந்தக் குணம் உண்டு. நட்சத்திரம் நெருங்கினால் அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகினால் சிவப்புப் பக்கமும் மயிரிழை நகரும். அந்த நகர்ச்சியே வேகத்தைச் சொல்லிவிடும்.

இம்முறை வருஷத்துக்கு வருஷம் கூர்மையாகிக்கொண்டே வந்தது. 2024-ஆம் வருஷம் சிலி தேசத்து மலையுச்சியிலுள்ள பெரிய கண்ணாடியால் பர்னார்டு நட்சத்திரத்துக்கு உண்மையாகவே ஒரு கிரகம் கண்டார்கள். அது அந்த நட்சத்திரத்தை இழுக்கும் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். நம் ஊர்க் கட்டை வண்டியின் வேகம்கூட அதைவிட அதிகம்! 2025-இல் அங்கே நான்கு சிறு கிரகங்கள் இருப்பது, வேறொரு கருவியாலும் அளந்து உறுதி செய்யப்பட்டது. நான்கும் நம் பூமியைவிட எடை குறைந்தவை. ஒவ்வொன்றும் ஏழு நாளுக்குள் தன் சூரியனைச் சுற்றிவிடுகிறது. வான்டிகாம்ப் சொன்ன பெருங்கிரகம் அவற்றில் இல்லை.

ஜேக்கப் கண் வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி உண்மைக் கிரகங்கள் இருந்திருக்கின்றன. அவற்றைக் காண மேலும் 170 வருஷ உழைப்பு தேவையாயிருந்தது.

எடையும் உயரமும்

கிரகம் உண்டு என்று அறிவது பாதி வேலைதான். அது எப்படிப்பட்டது? பெண் பார்க்கப் போகிறவர்கள் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்புவதில்லையே!

தள்ளாட்டம் கிரகத்தின் எடையைச் சொல்லும். அளவைச் சொல்ல வேறொரு வழி உண்டு. கிரகம் தன் சூரியனுக்கும் நமக்கும் குறுக்கே வந்தால், சூரிய ஒளி சிறிது மங்கும். மங்குவது எவ்வளவோ அதற்கேற்பக் கிரகத்தின் பருமன். 1874 டிசம்பரில் சுக்கிரன் நம் சூரியனுக்குக் குறுக்கே சிறு கரும்புள்ளியாகக் கடந்து சென்றது. அந்தக் காட்சியைப் பொது ஜனங்களுக்கு முன்கூட்டி விளக்கிப் புத்தகம் எழுதியவர், ஜேக்கப் காலத்திலேயே நுங்கம்பாக்கம் நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றை 1867-இல் கண்டுபிடித்தவரும் அவரே. அவர் அன்று விளக்கிய நிகழ்ச்சியைத்தான் இன்று ஆயிரக்கணக்கான அயல் சூரியன்களில் தேடுகிறார்கள்.

எடையும் பருமனும் தெரிந்தால் அடர்த்தி தெரியும். அடர்த்தி தெரிந்தால் கல்லா, பனியா, வாயுவா என்று சொல்லலாம். இதற்கு நட்சத்திரம் அருகிலும் பிரகாசமாகவும் இருக்கவேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் அளவை நடுங்கும். கடக ராசியில் 41 ஒளி வருஷத்தில் உள்ள ஐம்பத்தைந்தாம் கடகம் அப்படிப்பட்ட ஒரு சூரியன். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே மிக மங்கலாகத் தெரியும். அதற்கு ஐந்து கிரகங்கள். உள்ளே இருப்பது எட்டுப் பூமி எடை, இரண்டு பூமிக்குச் சற்றுக் குறைந்த குறுக்களவு. ஆகவே அது பெரும்பாலும் கல்லும் உலோகமும் கலந்த உலகமாக இருக்கலாம். அதன் வருஷம் 18 மணி நேரம். அங்கே பிறந்த குழந்தைக்கு ஒரு மண்டலம் நிறைவதற்குள் அறுபதாம் கல்யாணம் செய்துவிடலாம்! ஆனால் கல்லே உருகும் வெப்பத்தில் பந்தல் போடுவது எப்படி? 2021-இல் அனுப்பிய ஜேம்ஸ் வெப் விண்கண்ணாடியால் பார்த்து, அந்த அனலிலும் கரியமில வாயு போன்றதொரு காற்றுமண்டலம் இருக்கலாம் என்று 2024-இல் எழுதினார்கள். 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஜேக்கப் வழி வந்த சொல் அது.

நம் பங்கு

செஞ்சிக்கு வடமேற்கே, காகம் பறக்கும் தூரத்தில் சுமார் 70 கிலோமீட்டரில், ஜவ்வாது மலைமேல் காவலூர் இருக்கிறது. பட்டண வெளிச்சம் எட்டாத அந்த இருட்டை நாடி, சுதந்திர பாரதத்தின் வானநூலார் வேணு பாப்பு 1960-களின் கடைசியில் அங்கே தூரதிருஷ்டிகளை நிறுவத் தொடங்கினார். 1977-ஆம் வருஷம் மார்ச்சு 10-ஆம் தேதி இரவு, யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதை அங்கே பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறைவதற்கு முன்பே நட்சத்திரம் ஒரு கணம் மங்கிற்று. துணைக்கிரகமாக இருக்கலாம் என்று முதலில் எண்ணினார்கள். பிற இடங்களின் பதிவுகளோடு வைத்துப் பார்த்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது வெளியாயிற்று.

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் வருஷத்திலேயே விக்ரம் சாராபாய் ஆமதாபாத்தில் தோற்றுவித்த பௌதிக ஆராய்ச்சி நிலையத்தார், அபு மலையின் குருசிகரத்திலிருந்து ஒரு கிரகத்தை எடை போட்டு 2018-இல் அறிவித்தார்கள். சுமார் 27 பூமி எடை. அதன் சூரியன் 600 ஒளி வருஷத்துக்கு அப்பால். பிறகு வேறு சில கிரகங்களையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். 2019-இல் உலக வானநூற் சங்கம் ஒரு நட்சத்திரத்துக்கும் அதன் கிரகத்துக்கும் பெயரிடும் உரிமையைப் பாரதத்துக்கு அளித்தபோது, நட்சத்திரத்துக்கு வங்காளத்து விஞ்ஞானி விபா சௌதுரியின் நினைவாக 'விபா' என்றும், கிரகத்துக்கு 'சந்தமஸ' என்றும் பெயர் சூட்டப்பட்டது.

இவையெல்லாம் உண்மையான பெருமைகள். உண்மையான பெருமை இருக்க, இல்லாத கிரகத்தைக் காட்டி 'உலகில் முதலில் கண்டது நாங்களே' என்று மார்தட்டுவது தேச பக்தி ஆகாது. 1855-இல் நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு தவறான கிரகம் புறப்பட்டது. அதோடு கூடவே அளவைகளும் கணக்கும் பிறர் சோதித்துப் பார்க்கும்படி புறப்பட்டன. சோதித்தவர்கள் பிழையைக் கண்டார்கள். இன்று 6,000-க்கு மேல் அயல் கிரகங்கள் பட்டியலில் நிற்கின்றனவென்றால், நிற்காதவற்றை ஈவிரக்கமின்றி அடித்துக்கொண்டே வந்ததால்தான் அப்பட்டியலுக்கு மதிப்பு. பிறர் சோதிக்க இடம் கொடுக்கும் இந்தப் பழக்கத்தை நம் பள்ளிகளும் சபைகளும் பத்திரிகைகளும் கைக்கொள்ளுமானால், அது எந்தக் கிரகத்தைக் காட்டிலும் பெரிய லாபம்.

அடுத்த அமாவாசைக்குக் குழந்தைகளை மொட்டை மாடிக்கோ வயல் வெளிக்கோ அழைத்துச் செல்லுங்கள். வாசல் விளக்கைச் சற்று நேரம் அணைத்துவிடுங்கள். கேட்டையையும் திருவோணத்தையும் காட்டி, நடுவிலுள்ள அந்த மங்கல் புள்ளியையும் காட்டுங்கள். "இங்கே ஒரு கிரகம் இருப்பதாக நம் சென்னையிலிருந்து ஒருவர் சொன்னார், அது இல்லை. இதோ, இரண்டு விரல் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்தில் நான்கு இருக்கின்றன" என்று சொல்லுங்கள். "அது எப்படித் தெரியும்?" என்று குழந்தை கேட்கும். கேட்கட்டும்.